ஆறு கறுப்புப் பெட்டியும் ஒரு பெஞ்சும்

பென்டிரைவுல வீடியோ ஏத்திக் குடுக்குற தொழில்ல கைக்கு வேலை கொஞ்சம், வாய்க்குத்தான் அதிகம். அதாவது, ஒரு காலத்துல. இலங்கை மலையகத்துல, ஹட்டன்ல ஒரு மாடிக் கடையில தனியா உக்காந்து வீடியோ காப்பி பண்ணிக் குடுக்குறவன் நான். உங்களுக்கும் இதே தொழில்னா நான் சொல்றது புரியும்.

பெஞ்சு காலியானது

தேயிலைத் தோட்டத்துத் திருவிழா முடிஞ்சா ஒரே வீடியோவுக்கு இருவது பேர் வருவாங்க. ஒருத்தரோட பென்டிரைவ் முடிஞ்சாத்தான் அடுத்தது. அதுவரைக்கும் பெஞ்சுல உக்காந்து பிளேன்டீ குடிச்சிக்கிட்டு, யாரு மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க, எந்த லயத்து வீட்டுல கூரை ஒழுகுதுன்னு எல்லாத்தையும் எங்கிட்ட கொட்டுவாங்க. எனக்குத் தலைவலி. பொறுக்கமாட்டாம கம்ப்யூட்டர்ல பேட்ச் ஸ்கிரிப்ட்னு ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன். ரெண்டு தட்டு தட்டினா திரையில ஆறு கறுப்புப் பெட்டி தொறக்கும். ஆறு பென்டிரைவுக்கும் ஒரே நேரத்துல காப்பி ஓடும்.

கீழ துணிக்கடையில இருந்து எங்க முதலாளி ஏறி வந்தார். பாராட்டுவார்னு பாத்தேன். காலிப் பெஞ்சைப் பாத்துட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, கடைய மூடிட்டோம்னு நெனச்சிட்டாங்களா?"

ஒரு டீ

அதுக்கப்புறம் யாரும் உக்காரல. வாங்கின கையோட பஸ்ஸுக்கு எறங்கிடுறாங்க. மழை நாள்ல நான் வாயத் தொறக்குறதே "ஆச்சு, எடுத்துக்குங்க"ன்னு சொல்லத்தான். ஒளிக்க என்ன இருக்கு, தனிமை என்னைத் தின்னுச்சு. வேலை இல்லாதப்பவும் வெறும் பென்டிரைவைச் சொருகி ஓட விட்டுப் பாத்திருக்கேன், ஏதாவது அசையட்டுமேன்னு.

தினமும் டீ கொண்டு வர்ற அண்ணன் ஒருநாள் வாசல்லயே நின்னுட்டார்: "முந்தி பன்னெண்டு டீ. இப்ப ஒண்ணு. இதுக்கு நான் மாடி ஏறணுமா, நீங்களே எறங்கி வாங்க."

புஷ்பம் அக்கா

அந்த ஸ்கிரிப்டுல ஒரு பொல்லாத கட்டளை இருந்துச்சு. எங்க வீடியோவைத் தவிர பென்டிரைவுல வேற என்ன இருந்தாலும் அழிச்சிடும். கடையில விக்கிற புதுசைத்தானே சொருகப் போறோம்னு எழுதினது. அக்கரப்பத்தனையில கொழுந்து எடுக்குற புஷ்பம் அக்கா, வீட்டுல இருந்த பழைய பென்டிரைவைச் சீலைத் தலைப்புல முடிஞ்சு கொண்டாந்தாங்க. நான் ஒண்ணும் கேக்காம ஆறாவதா சொருகினேன். பழைய மாதிரி பெஞ்சுல உக்காந்திருந்தா, அதுல என்ன இருக்குன்னு அவங்களே சொல்லியிருப்பாங்க.

மறுநாள் காலையில வேலைக்குப் போகாம வந்து நின்னாங்க. போன வருசம் செத்துப்போன அவங்க வீட்டுக்காரர் காமன் கூத்துல தப்பு மேளம் அடிச்சிப் பாடுற வீடியோ அதுல இருந்துச்சாம். வேற எங்கயும் இல்ல.

அழிஞ்சதை மீட்குற புரோகிராமைப் போட்டேன். அது மெதுவாத்தான் ஓடும். பகல் பூரா அக்கா பெஞ்சுல இருந்தாங்க. அவர் தப்பைத் தீயில காய்ச்சுற விதம், அவரோட கோவம்னு எல்லாம் சொன்னாங்க. டீ அண்ணன் ரெண்டு டீயோட ஏறி வந்தார். பொழுது சாயுறப்ப ஒரே ஒரு ஃபைல் வந்துச்சு. படம் முழுக்கக் கட்டம் கட்டமா ஒடைஞ்சிருந்துச்சு. சத்தம் மட்டும் சுத்தமாக் கேட்டுச்சு. மூஞ்சி போயிடுச்சேக்கா, மன்னிச்சிடுங்கன்னேன்.

மூணு தடவை போடச் சொல்லிக் கேட்டாங்க. அப்புறம் கண்ணைத் தொடச்சிக்கிட்டுச் சொன்னாங்க: "மூஞ்சி ஞாபகம் இருக்கு தம்பி. கொரல்தான் மறந்துக்கிட்டே வந்துச்சு."

இப்ப அந்த அழிக்கிற கட்டளையை எடுத்துட்டேன், யாராவது பெஞ்சுல உக்காந்தா ஒவ்வொண்ணாத்தான் ஓட விடுறேன், ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டா மெஷின் பழசுன்னு சொல்லிடுறேன்.