மனந்திரும்பாத வானதூதன்

லியோனா வோர்வால்டை நினைத்தால் மார்லிஸுக்கு முதலில் ஞாபகம் வருவது 1958 தவக்காலத்தில் நடந்த ஒரு பேச்சுதான்.

"கடைசி அத்தியாயத்துல அவன் அழுது மன்னிப்புக் கேக்கணுமாம்," என்றாள் லியோனா. அவள் எழுதிய நாவலைப் பற்றி நியூயார்க் பதிப்பாசிரியர் அனுப்பிய கடிதம் கையில் இருந்தது.

"கேட்டா என்னடி? ஒரு பக்கம்தானே?"

"அவன் வானதூதன்டி. நம்மள மாதிரி கொஞ்சம் கொஞ்சமா யோசிக்கிற ஜென்மமா? எல்லாத்தையும் ஒரே பார்வையில பாத்துட்டுத்தான் கடவுள்கிட்டயே முடியாதுன்னான். இனிமே புதுசா என்ன தெரிஞ்சு வருத்தப்படுவான்?"

"கதையில வேற கிரகத்துக்காரன்னுதானே இருக்கு?"

"பேரைத்தான் மாத்தினேன். ஆளை மாத்தல."

"புத்தகம் வராமப் போனா?"

"போகட்டும்."

டுபுக் நகரத்துக் குருமட நூலகத்தில் இருவருக்கும் வேலை. லத்தீன் நூல்களை லியோனா தூசி தட்டுகிறாள் என்று குருக்கள் நினைத்தார்கள், அவள் படித்துக்கொண்டிருந்தாள். வானதூதர் ஒவ்வொருவரும் தனித்தனி இனம் என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு துறவி எழுதியிருந்தார். அதை வைத்து அவள் ஒரு கிரகத்தையே கட்டினாள். அங்கே ஒருவரைப் போல் இன்னொருவர் இல்லை. தாய் இல்லை, பிள்ளை இல்லை. எடுத்த முடிவை மாற்றுவதும் இல்லை. எழுதி முடிக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின.

தவக்காலத்தில் கறி விலக்கும் வெள்ளிக்கிழமைகளில், கோயில் மீன் விருந்தில் கசாப்புக்கடை எல்மர் சீண்டுவார்: "ஏம்மா, உன் கிரகத்துல இன்னிக்குக் கறி சாப்பிடலாமா?"

"அங்க யாருக்கும் வயிறே கிடையாது. நீங்க மீனை முழுங்குங்க."

பதிப்பாசிரியருக்கு அவள் அந்தத் துறவியின் முறையிலேயே பதில் எழுதினாள். முதலில் எதிராளியின் வாதத்தை அவனைவிட நன்றாகச் சொல்ல வேண்டும், பிறகுதான் மறுப்பு. வானதூதன் ஏன் மனந்திரும்ப வேண்டும் என்பதே முதல் பக்கம் முழுவதும்.

தட்டச்சு செய்த மார்லிஸ் நிமிர்ந்து பார்த்தாள். "இதைப் படிச்சா நீ ஒத்துக்கிட்டேன்னுல்ல நினைப்பான்?"

"படிக்கத் தெரிஞ்சவன் ஏழு பக்கமும் படிப்பான்."

பதிப்பாசிரியர் முதல் பக்கம்தான் படித்தார். மூன்று வாரத்தில் அச்சுப்படி வந்தது. கடைசியில் யாரோ எழுதிச் சேர்த்த அழுகை அத்தியாயம். கூடவே, 'சம்மதத்துக்கு நன்றி' என்று ஒரு சீட்டு. லியோனா அந்த அத்தியாயத்தைக் குறுக்கே அடித்துத் திருப்பி அனுப்பினாள். அது இல்லாமல் புத்தகம் இல்லை என்று தந்தி வந்தது. இந்த முறை எதிராளியின் வாதம் எதையும் அவள் எழுதவில்லை. 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் பதில் தந்தி கொடுத்தாள்.

தபால் நிலையத்திலிருந்து நேராகக் கோயில் அலுவலகத்துக்கு வந்தாள். ஞாயிறு பூசைக்கான அறிவிப்புத் தாளை மார்லிஸ் வழக்கம்போல் அங்கே சைக்ளோஸ்டைல் எடுத்துக்கொண்டிருந்தாள். லியோனா தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"சனிக்கிழமை முழுக்க இந்த மெஷின் எனக்கு வேணும் மார்லிஸ். என் நாவல் இருநூத்திப் பதினாலு பக்கம். நீ கைப்பிடியைச் சுத்து, நான் தாளை எடுக்கறேன். பங்குச் சாமியார் கேட்டா, அவர் குருமடத்துல படிச்ச பாடம்தான் அச்சாகுதுன்னு சொல்லிடு."