முதல் பாதியில் விழும் அழுத்தம்

வெண்ணந்தூர்ப் பக்கம் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாரம்மாவாக இருந்தபோது, எங்களுக்கு மேலே நார்வே நாட்டுத் துரைசாணி ஒருவர் இருந்தார். தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் 'வாழைப்பழம்' என்றால் 'வாழை'யை ஓங்கிச் சொல்லிவிட்டுப் 'பழ'த்தை விழுங்கிவிடுவார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

"எங்கள் பாஷையில் இரண்டு சொல் சேர்ந்தால் பலமெல்லாம் முதல் சொல்லுக்குத்தான். இரண்டையும் அழுத்தினால் வேறுவேறாகப் பிரிந்துவிடும்" என்றார். லில்லெ என்றால் சின்ன, ப்ரூர் என்றால் சகோதரன். 'லில்லெப்ரூர்' என்று சேர்த்தால் தம்பி. அவருடைய தம்பி அவரை 'ஸ்தூரெசொஸ்தெர்' என்று கூப்பிடுவானாம். அக்கா என்று அர்த்தம். நானும் சொல்லிப் பார்த்தேன். எத்தனை தடவை சொன்னாலும் 'ஸ்தூரெ', 'சொஸ்தெர்' என்று இரண்டாகத்தான் வந்தது. அந்தத் தம்பி சிறு வயதிலேயே, உறைந்த ஏரியில் பனிக்கட்டி உடைந்து மூழ்கிப்போனவன் என்பதை அப்புறம் வேறெதையோ பேசுகிறபோது சொன்னார்.

மறு கோடையில் அவருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. சேலத்திலிருந்து வந்த டாக்டர் ஈரத்துணி போடச் சொல்லிவிட்டுப் போனார். பிற்பகலில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். தமிழும் இங்கிலீஷும் அவரை விட்டுப் போயிருந்தன. "லில்லெப்ரூர்! லில்லெப்ரூர்!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். பதில் வராமல் அவர் தவித்த தவிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. குனிந்து காதருகே, "ஸ்தூரெசொஸ்தெர்" என்றேன். கத்தல் நின்றது. சற்று நேரம் கழித்து முகம் தெளிந்து தூங்கிப்போனார்.

தேறி எழுந்து கஞ்சி குடித்த அன்று, "என் தம்பி வந்திருந்தான்" என்றார்.

"அது நானுங்கம்மா. மனசு கேக்காம நாந்தான் கூப்புட்டேனுங்க."

"நீ கூப்பிட்டதும் காதில் விழுந்தது. நீ இரண்டாகப் பிரித்துச் சொன்னாய்." கிண்ணத்தைக் கீழே வைத்தார். "உனக்குப் பிறகு ஒருவன் சரியாகச் சொன்னான்."

அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் முகம் தெளிந்தது நான் கூப்பிட்டவுடனே அல்ல, பிந்தித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பி வாசலைப் பார்த்தேன். அவரோ சிரித்துக்கொண்டு மிச்சக் கஞ்சியைக் குடித்தார்.

அடுத்த வருஷம் ஏற்காட்டுக்கு மாற்றலாகி, சந்தோஷமாகவே போனார். அவர் படுத்திருந்த அறையை வகுப்பாக்கி எனக்கே கொடுத்தார்கள். பிள்ளைகள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போனதும் நானும் எழுந்து, வெயிலென்றும் பார்க்காமல் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொள்வேன்.