வாத்துகளைக் குளிப்பாட்டியவள்

சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மருதம்மாளிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் யாரும் இல்லை. வாயைவிட மோசம் அவள் கண். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காதோரம் கொஞ்சம் அழுக்கு தெரிந்தால் போதும், கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயடியில் உட்கார வைத்துத் தேய்த்துவிடுவாள். "பெத்தவளே சும்மா இருக்கா, இவளுக்கு என்னா வந்துச்சு?" என்று முணுமுணுத்தவர்கள்கூட சவுக்காரத்துக்கு அவள் வாசலில்தான் வந்து நின்றார்கள். ஜப்பான்காரன் வந்த மறு வருஷமே கடையில் சவுக்காரம் என்கிற பேச்சே இல்லாமல் போயிற்று. அரிசி போயிற்று, துணி போயிற்று. சாக்கைக் கிழித்து உடுத்திக்கொண்டு, மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு ஜனங்கள் நாளைத் தள்ளினார்கள். செத்தாலும் அழுக்கோடு சாக மாட்டேன் என்று நின்றவள் வரிசை வீடுகள் கொண்ட அந்த லயத்தில் மருதம்மாள் ஒருத்திதான்.

அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் ஊற வைத்து, தெளிந்த காரத்தை இறுத்து, எங்கிருந்தோ கிடைக்கும் செம்பனை எண்ணெயை விட்டுக் காய்ச்சுவாள். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு சவுக்காரம் வரும். கை எரியும். ஆனால் எப்பேர்ப்பட்ட பிசுக்கும் அதற்கு முன்னால் நிற்காது. ஒரு சிரட்டை சவுக்காரத்துக்கு நாலு கிழங்கோ ஒரு கட்டுக் கீரையோ தருவார்கள். தோட்டத்தை ஒட்டிய கம்பத்துக் கிராமத்தில் காய்கறி போட்டிருந்த சீனக் கிழவர் ஒருவர், தர வேறொன்றும் இல்லாமல், ஒரு கூடையில் ஆறு வாத்துக்குஞ்சுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"வாத்தா? நம்ம பரம்பரையில யாருடி வாத்து வளத்தா?" என்று சிரித்தான் அவள் புருஷன் அய்யாவு.

அய்யாவு பால் வெட்டுக்காரன். சண்டை வந்த பிறகு ரப்பரை வாங்க ஆளில்லை, வெட்டும் நின்றுபோயிற்று. நெடுநெடுவென்று வளர்ந்த மனுஷன், எதற்கும் சிரிப்பான். பிள்ளை இல்லாத வீடு என்று ஊரார் இரக்கப்பட்டபோதும், "எனக்கு ஒரு பிள்ளை போதும், அதுவே வாய் ஓயாமப் பேசுது" என்று மருதம்மாளைக் காட்டுவான். அவள் கரண்டியை ஓங்குவாள்.

வாத்துகள் அவனிடம் ஒட்டிக்கொண்டன. மழைக்காலம் பிறந்ததும் அவனுக்கு அதுவே வேடிக்கையாயிற்று. மழை கொட்டினால் கோழிகள் கூரைக்கடியில் ஒடுங்கிக்கொள்ளும். இந்த வாத்துகள் ஆறும் நடு வாசலுக்கு வந்து, கழுத்தை நீட்டி, மழை முழுவதையும் முதுகில் வாங்கிக்கொண்டு நிற்கும். தண்ணீர் உருண்டு உருண்டு கீழே விழும், இறகில் ஒரு துளி தங்காது. மழை விட்டதும் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி வால் அடியில் மூக்கை வைத்து, அதே மூக்கால் உடம்பெல்லாம் தடவிக்கொள்ளும்.

"பாருடி, மேல விழுது, ஆனா நனைய மாட்டேங்குது. எனக்கு இந்த மாதிரி ஒரு சட்டை தச்சுக் குடு" என்றான் அய்யாவு.

"சீ! பின்னால மூக்க வச்சிட்டு அதையே மேலெல்லாம் பூசிக்குது. தொட்டா கையெல்லாம் பிசுக்கு. இதைப் போயி மெச்சிக்கிட்டு இருக்கீங்களே!" என்றாள் மருதம்மாள்.

அந்த வருஷம்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். மூன்று மாத வேலை, சம்பளம் உண்டு, சோறு உண்டு என்று சொல்லித்தான் முதல் கூட்டத்தை ஏற்றினார்கள். மூன்று மாதம் போயிற்று, ஐந்து மாதமும் போயிற்று. போனவர்களில் ஒருத்தன் திரும்பவில்லை, ஒரு வரி கடிதம் வரவில்லை. இரண்டாவது பட்டியலை ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். அதில் அய்யாவு பேர் இருந்தது.

மருதம்மாள் நேரே கிராணி பரஞ்சோதியிடம் போய் நின்றாள். தோட்டத்துக் கணக்கு, பட்டியல் எல்லாம் அவர் கையில்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் குரலைத் தணித்தார்.

"சனிக்கிழம மத்தியானம் ஜப்பான் மாஸ்டர் வர்றாரு. வாத்துக்கறின்னா மனுசனுக்கு உசுரு. உங்கிட்டதான் ஆறு இருக்குதே, கொண்டாந்து விடு. நான் பேசி அய்யாவு பேரை எடுத்துடுறேன். ஆனா ஒண்ணு லா, அவரு ரொம்பச் சுத்தம் பாக்குற ஆளு. சேத்தோட கொண்டாந்து நிப்பாட்டிப்புடாதே, அப்புறம் எனக்குத்தான் அறை விழும்."

சுத்தமா? மருதம்மாளிடமா சுத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்? அவள் கால் தரையில் படாமல் வீட்டுக்கு வந்தாள்.

சனிக்கிழமை காலையில் பெரிய தொட்டியில் வெந்நீர் விளாவி, எடுத்து வைத்திருந்த சவுக்காரத்தையெல்லாம் அதில் கரைத்தாள்.

"பொறந்ததுலேருந்து தண்ணியிலயே கெடக்குற வாத்துக்கு என்னாடி குளிப்பு? வேணாம், விடு" என்றான் அய்யாவு.

"தண்ணியில கெடந்தா சுத்தமாயிடுமா? எருமையுந்தான் கெடக்குது. முனியாண்டிக்கு நேந்துவிட்ட கிடாயையே மஞ்சத்தண்ணி ஊத்திக் குளிப்பாட்டித்தான் கொண்டு போறோம். உங்க உசுருக்காகக் கொண்டு போறத அழுக்கோடயா கொண்டு போவாங்க? பேசாமப் புடிங்க."

அவன் பிடித்துக்கொண்டான். அவள் ஒவ்வொன்றாக முக்கி, இறகுக்குள் விரலை விட்டு, பிசுக்கு போகும்வரை தேய்த்தாள். இரண்டு தண்ணீர் மாற்றி அலசினாள். அடுப்பு வெக்கையில் காய்ந்ததும் ஆறும் பஞ்சாக உப்பிக்கொண்டு வெள்ளைவெளேரென்று நின்றன. அந்த லயமே வந்து பார்த்தது. மருதம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. புருஷனைக் காப்பாற்றிவிட்டோம் என்றே நம்பிவிட்டாள்.

புறப்படும்போது மழை பிடித்துக்கொண்டது. லயத்துக்கும் ஆபீசுக்கும் நடுவே அல்லூர் என்று சொல்லும் ஒரு சிற்றோடை ஓடியது. கோடையில் முழங்கால் அளவு தண்ணீர், அன்றைக்கு இடுப்பளவு. மனிதர்கள் நடக்கக் குறுக்கே ஒரு மரம் போட்டிருந்தார்கள். வாத்துகளைத் தூக்க வேண்டியதே இல்லை. தினமும் அவை தாமாகவே நீந்தி அக்கரை ஏறி, அய்யாவுக்காகக் காத்து நிற்கும். அன்றும் வழக்கம்போல இறக்கிவிட்டான். வாத்துகள் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

பாதி தூரம்கூடப் போகவில்லை. முதல் வாத்து தண்ணீரில் தாழ்ந்தது. மிதக்க வேண்டிய முதுகு மூழ்கி, தலை மட்டும் தெரிந்தது. இறக்கையை அடித்தது, நனைந்த துணியாகக் கனத்துப்போன இறக்கை மேலே எழும்பவில்லை. மற்றவையும் அப்படியே தாழ்ந்தன. வெள்ளம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று.

"ஐயோ! ஐயோ! புடிங்க, புடிங்க!" என்று மருதம்மாள் கரையோடு ஓடினாள்.

அய்யாவு குதித்தான். இரண்டு வாத்துகள்தான் கைக்கு அகப்பட்டன. இரண்டும் இறகு உடம்போடு ஒட்டி, தோல் தெரிய, வெடவெடவென்று நடுங்கின. அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார்கள்.

பரஞ்சோதி எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னா இது, சீக்கு வாத்தைக் கொண்டாந்திருக்கே? இதை அவரு முன்னால வச்சா எங்கழுத்தை அறுத்துடுவாரு. போ, போ, அவரு பாக்குறதுக்குள்ள எடுத்துக்கிட்டுப் போயிடு!"

அவள் காலில் விழுந்தாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வாத்து அன்று சாயங்காலமே அடுப்போரத்தில் விறைத்துப் போயிற்று. மருதம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், கிழங்கைத் தொடவில்லை. அய்யாவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வாத்தத் தண்ணியில முழுக வச்சவ உலகத்துலயே நீ ஒருத்தியாத்தான்டி இருப்ப" என்றான், எப்படியாவது அவளைச் சிரிக்க வைக்க வேண்டுமென்று. அவள் சிரிக்கவில்லை. அவனும் அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

திங்கட்கிழமை லாரி வந்தது. அன்றும் மழை. ஆட்களை நிற்க வைத்து அடைத்தார்கள். மருதம்மாள் ஒரு சாக்கை அவன் தோளில் போர்த்திவிட்டாள். ஏறுவதற்குள் அது நனைந்து தொங்கியது.

"சட்டை கேட்டேன், தச்சுக் குடுக்கலையே நீ" என்றான் லாரியிலிருந்து. அதுதான் கடைசி.

மிஞ்சிய வாத்து பல நாள் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. திண்டாடித் திண்டாடிக் கழுத்தைத் திருப்பி, வால் அடியில் மூக்கை வைத்து, உடம்பெல்லாம் தடவிக்கொண்டே இருந்தது. மருதம்மாள் வேறு வேலையில்லாமல் அதையே பார்த்திருந்தாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு பெருமழையில் அது வாசலில் போய் நின்றது. தண்ணீர் பழையபடி உருண்டு உருண்டு விழுந்தது. கிட்டே போய் முதுகைத் தொட்டாள். கையில் அதே பிசுக்கு.

யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தானாகவே விளங்கிப்போயிற்று. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுத்தாளே, அதுதான் அந்த ஜீவன்களை மழையிலும் வெள்ளத்திலும் காத்து வந்தது. மழையில் நின்றபடியே தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றோடு சவுக்காரம் காய்ச்சுவதை விட்டாள். கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புழுதியோடு திரிந்தன, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாத்துகளை வெள்ளம் கொண்டுபோயிற்று என்றுதான் லயத்தில் எல்லோரும் நினைத்தார்கள். அவர்கள் அப்படியே நினைக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். மறு வருஷப் பஞ்சத்தில் அந்த ஒற்றை வாத்தையும் யாரோ பிடித்துத் தின்றுவிட்டார்கள். பழைய மருதம்மாளாக இருந்தால் தோட்டமே அதிர்ந்திருக்கும். அவள் வாயே திறக்கவில்லை.

ஜப்பான்காரன் தோற்று, சில மாதங்கள் கழித்து, சயாமிலிருந்து மிச்சம் மீதி பேர் வந்து சேர்ந்தார்கள். அய்யாவோடு லாரியில் போன பக்கிரிசாமி, புண் அரித்த காலை இழுத்துக்கொண்டு, சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி நேரே அவள் வீட்டுக்குத்தான் வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"காலராக்கா. ரெண்டே நாளு. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றான்.

அவள் அழவில்லை. தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினான்.

"அங்க மழை விடாதுக்கா. கூரையெல்லாம் ஒழுகும். நனைஞ்சபடியே வேலை, நனைஞ்சபடியே படுக்கை. அண்ணன் இல்லன்னா நாங்க எப்பவோ செத்திருப்போம். மழை புடிச்சா போதும், அந்த வாத்துக் கதையை எடுப்பாரு. எத்தனை தடவை கேட்டாலும் சிரிப்பு வரும். 'எம்பொண்டாட்டி வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டா, நாந்தான் கேக்காம சவுக்காரம் போட்டு வாத்தைக் குளிப்பாட்டிக் கொன்னுட்டேன். பெரிய மடையன்டா நான்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

மருதம்மாள் காலிச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"ஆமாக்கா. சாகக் கெடந்தவன்கூடச் சிரிச்சான்."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். முடியவில்லை. இரண்டு வருஷமாக அடைத்துக் கிடந்தது உடைந்துகொண்டு வந்தது. அழுகைக்கு நடுவே, முதல் முதலாக ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

"வேணாம்னு சொன்னது அவருதான் தம்பி. குளிப்பாட்டுனது நான்."