அண்ணன் வாசிக்காமல் இருந்த நான்கு ஆண்டுகள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களும் நண்பர்களும் அவரை நன்கு அறிந்தவர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அண்ணன் கோச்சடையில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். பாலிடெக்னிக் முடித்து லேத் பட்டறையில் சேர்ந்தார். விடுமுறை நாட்களில் கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசிப்பார். இருபத்தாறு வயதில் மெஷினில் சிக்கி இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. தந்தியை அழுத்த முடியவில்லை. கிட்டாரை யாருக்கோ கொடுத்துவிட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் வேலை பார்த்த அவருடைய நண்பர் ரெசனேட்டர் கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை மடியில் படுக்க வைத்து, மிச்சமிருக்கும் விரல்களால் ஓர் எஃகுத் துண்டைப் பிடித்துத் தந்திகளின்மேல் நகர்த்தினால் போதும். நடுவில் வட்டமான உலோகத் தகடு. அதன் அடியில் மெல்லிய அலுமினியக் கிண்ணம் அதிர்ந்து ஒலியைப் பெருக்கும். அந்த நாட்டுக் கிராமத்துக்காரர்களின் கன்ட்ரி பாடல்களில் இந்த ஒலியைக் கேட்கலாம் என்றார் நண்பர். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அது இழைந்து போகும்போது, தூரத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவது போலிருக்கும்.

"எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார் அண்ணன். தினமும் வேலை முடிந்து வந்ததும் வாசிப்பார்.

என் கணவர் இறந்தபோது அண்ணன் என்னைத் தன் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டார். ஒரு மாலை அவர் வாசிக்க, என் கணவரே கூப்பிடுவதாக எனக்குக் கேட்டது. "அண்ணே, அது வேணாம்ணே. மனசு தாங்கல" என்று அழுதேன். உடனே நிறுத்திப் பெட்டிக்குள் வைத்தார். அதன்பின் நான் வீட்டில் இல்லாத நேரத்தில் வாசித்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு அண்ணனுக்குப் புற்றுநோய் முற்றி, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் அண்ணி சொன்னார்: "நாலு வருசமாச்சு. நீ அழுத அன்னைக்கு மூடுன பெட்டிதான். அப்புறம் அவுக தொடவே இல்ல."

பெட்டியைத் திறந்து, கிட்டாரை அண்ணனின் மடியில் வைத்து வாசிக்கச் சொன்னேன். எஃகுத் துண்டு அவர் கையில் நிற்கவில்லை. என்னைப் பிடிக்கச் சொன்னார். அவர் வலக்கையால் மீட்ட, நான் நகர்த்தினேன். சுரம் சேரவே இல்லை.

"இன்னுங் கொஞ்சம் மேல போ ஆத்தா... ம், அம்புட்டுத்தான்."

அந்த இடத்தில் ஒலி எழுந்து நீண்டது. எனக்கு அழுகை வந்தது. இந்த முறை அவர் நிறுத்தவில்லை.

ஐந்தாம் நாள் காலமானார்.

வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், தல்லாகுளத்திலிருந்து தினமும் வந்து அண்ணனைக் குளிப்பாட்டிய பட்டறை நண்பருக்கும், இறுதி நாளில் எல்லா வேலையையும் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனிடம் நான் கேட்டிருக்க வேண்டியது மன்னிப்பு. அதற்கு ஐந்து நாட்கள் இருந்தன. கேட்காமலே விட்டுவிட்டேன்.