அப்பா வேட்டியில் வந்த பையன்

பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பத்தொன்பது வயது ஆள் என்று எழுதிப் பெரியவர்களின் சிறைக்கு அனுப்பினேன். அப்போது நான் திண்டுக்கல் பக்கம் ஒரு நீதிமன்றத்தில் நடுவராக இருந்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குடிதண்ணீர் கேட்டு மறியல் நடந்தது. பேருந்தின் மீது கல் விழுந்தது. காவலர்கள் கையில் சிக்கியவர்களை அள்ளிக்கொண்டு வந்து, சாயங்காலம் என் முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். கடைசியில் நின்றவன் வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் அணிந்திருந்தான். காவல்துறைத் தாளில் பத்தொன்பது என்று இருந்தது.

"போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்பது விதி. அடித்திருக்கக் கூடிய காவலரே அவன் தோளை உரசிக்கொண்டு நின்றார்.

"இல்லைங்கய்யா."

வாசலில் ஒரு பெண் கத்தினாள். "ஆடி வந்தாத்தான் சாமி அவனுக்குப் பதினஞ்சு!"

சத்தம் போடுபவரை வெளியே அனுப்பச் சொன்னேன். தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்திருந்தால் போதும். வீட்டில் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன்.

ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, சென்ற வருடம், திண்டுக்கல்லில் சில வழக்கறிஞர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். இஸ்ரேல் ராணுவம் சிறைப்பிடிக்கும் பாலஸ்தீனக் குழந்தைகளைப் பற்றி, சட்டம் தெரிந்தவர் என்ற முறையில் நான் பேச வேண்டும் என்றார்கள். நன்றாகத்தான் தயார் செய்தேன். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட யாரும் குழந்தை என்று ஐ.நா. உடன்படிக்கை சொல்கிறது. குழந்தையைக் காவலில் வைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். அதுவும் எவ்வளவு குறுகிய காலம் முடியுமோ அவ்வளவுதான். ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணின் மக்களை அந்த மண்ணுக்கு வெளியே கொண்டுபோய்ச் சிறை வைக்கக் கூடாது என்கிறது ஜெனீவா உடன்படிக்கை. இஸ்ரேலும் இவற்றில் கையெழுத்திட்ட நாடுதான். ஆனால் அது ஆக்கிரமித்த மண்ணில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக்கூட ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தலாம். பெரும்பாலும் குற்றச்சாட்டு கல் எறிந்தது. வீட்டில் தூங்கும் பிள்ளையை எழுப்பிக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோகிறார்கள். விசாரிக்கும்போது பெற்றோர் பக்கத்தில் இருப்பதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பதால் செய்யாதவனும் ஒப்புக்கொள்கிறான்.

இவ்வளவையும் கோபமாகப் பேசினேன். கைதட்டினார்கள். என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். "அய்யா, அந்த ஊர் ஜட்ஜுக பிள்ளைக மொகத்தைப் பாப்பாகளா?"

"அவர்கள் ராணுவ அதிகாரிகள் அம்மா. சீருடையில் உட்கார்ந்திருப்பார்கள்" என்றேன். அது பதிலில்லை என்று எனக்கே தெரிந்தது.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவர் வந்து நின்றார். தனியார் மருத்துவமனையில் நர்ஸ். "நீங்க உள்ள அனுப்புனீகளே, வேட்டி கட்டுன பையன், அவன் அக்கா நான்" என்றார். குரல் உயரவே இல்லை. "அதிகாரி முன்னால மரியாதையா நிக்கணும்னு எங்கம்மாதான் அப்பாவோட வேட்டி சட்டையை ஸ்டேசனுக்குக் குடுத்துவிட்டுச்சு. அதக் கட்டுனதாலதான் பெரிய ஆளுன்னு நெனச்சுட்டாகன்னு இன்னைக்கு வரைக்கும் பொலம்புது."

வழக்கு பிறகு நிரூபணமாகாமல் தள்ளுபடியானதாம். பையன் வெளியே வந்தான், பள்ளிக்கூடம் திரும்பவில்லை. திருப்பூருக்குப் போனவன் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஒரு போன் செய்வான், அவ்வளவுதான்.

பாலஸ்தீனத்தில் பிள்ளையைப் பிடிப்பதும் வழக்குப் போடுவதும் தீர்ப்புச் சொல்வதும் ஒரே படை. எனக்கு மேலே எந்தப் படையும் இல்லை. கையில் சுதந்திரமான பேனா இருந்தது. அங்கே துப்பாக்கியால் நடக்கும் வேலையை இங்கே என் சோம்பல் செய்து முடித்தது.

அந்த அம்மாவிடம் வேட்டியின் மேல் தப்பில்லை என்று சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. மறுவாரம் கிராமத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகளும் இருந்தார். அம்மா மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய மல்லிகையைச் சாக்கில் அமுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். பூ அமுக்கும் கை நிற்கவில்லை.

"திண்டுக்கல்லுல இருந்தா வாரீக?"

"ஆமாம்மா."

"இந்தா கெடக்குற ஊரு. பஸ்சு ஓடிக்கிட்டேதான் இருக்கு. இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?"

"தப்பு என்னோடதும்மா. நீங்க எதைக் கட்டிவிட்டிருந்தாலும் நான் பார்த்திருக்கணும்."

"அப்ப நான் வாசல்ல கத்துனது?"

"கேட்டுச்சு."

அப்போதுதான் கை நின்றது. "கேட்டுச்சாம்டி" என்றார் மகளைப் பார்த்து. "காது கேக்காத மனுசன்னு நெனச்சு நான் மனசத் தேத்திக்கிட்டேன்."

பிறகு போனை எடுத்து மகனுக்கு அடித்து என் கையில் திணித்தார். "எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? அவங்கிட்டச் சொல்லுங்க."

"வேணாம்மா" என்றார் மகள். அதற்குள் அவன் எடுத்துவிட்டான். நான் யார் என்று சொன்னேன். செய்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். பின்னால் தையல் இயந்திரங்களின் இரைச்சல்.

"எங்கம்மா வீட்டுல ஒக்காந்துக்கிட்டா பேசுறீங்க?" என்று கேட்டான். நான் ஆமாம் என்றதும் இணைப்பைத் துண்டித்தான்.

அதற்குப் பின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி நம்பரை மாத்திட்டான் அய்யா. எங்களுக்கும் தரல."

நான் திருப்பூர் போய்த் தேடுகிறேன் என்றேன்.

"ஒண்ணும் வேணாம், சும்மா இருங்க. எங்கம்மா இப்ப வேட்டியப் பத்திப் பேசுறதில்ல. உங்க கையில போனக் குடுத்தது தப்புன்னு பொலம்புது."