கடைசி லாரியின் பெயரில்

2019 செப்டம்பர் 23: லாரி 11. ஒவ்வொன்றும் 38.4 டன். மொத்தம் 422.4.
செப்டம்பர் 24: லாரி 9. ஒவ்வொன்றும் 39.1 டன். மொத்தம் 351.9.
இருபதுக்கும் ஒரே பெயர்: யூஜீன் ஒசாட்சுக்.

இரண்டு நாளும் கனடாவின் சஸ்காட்சவானில் ஒரு சிற்றூரே கூட்டுறவுக் கிடங்கில் கோதுமை இறக்கியது. மாலைப் பட்டியலில் மட்டும் எல்லாம் யூஜீனுடையது. அவன் கிடங்கின் கணக்கர் மார்லீனின் கொழுந்தன். 23 அன்று முதல் பட்டியல் போடும் கணினி நிரலை எழுதியவள் மார்லீன். தானும் கோதுமை பயிரிடும் எடைமேடைக்காரர் லைல் பெட்ரிஷினுக்கு அது போதும். கள்ளக்கணக்கு என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். வெள்ளிக்குள் விளக்கம் வராவிட்டால் மார்லீனுக்கு வேலை இல்லை என்று பதில் வந்தது.

மார்லீனுக்கே யூஜீன்மேல் ஐயம். அவள் கணினி கிடப்பது சமையலறை மேசையில். ஞாயிறுதோறும் அவன் பெரோகி என்ற கொழுக்கட்டை சாப்பிட வருவான். கேட்டேவிட்டாள்.

“நான் தொட்டது உங்க பெரோகியை மட்டும்தான், அண்ணி.”

அவள் நம்பவில்லை. இரண்டு நாளும் ஏன் கடைசி ஆளாக வந்தாய் என்று மடக்கினாள்.

“நான் என்னைக்கு அண்ணி முதல்ல வந்திருக்கேன்?”

அந்தப் பதில் எங்கோ இடறியது. நிரலைத் திறந்தாள். லாரி விவரங்களை அது ஒவ்வொன்றாக எடுத்து ஒரே நினைவகப் பெட்டியில் வைக்கிறது. அடுத்தது வந்ததும் பழையது அழிகிறது. அவள் பட்டியலில் சேர்த்ததோ பெட்டியில் இருந்ததை அல்ல, பெட்டியின் முகவரியை. எல்லாருடைய மாதிரிக் கோதுமையையும் ஒரே தகரத்தட்டில் மாற்றி மாற்றிக் கொட்டி, “தட்டில் பார்” என்று ஆளுக்கொரு சீட்டு எழுதிய கதை. மாலையில் தட்டில் இருப்பது கடைசி ஆளின் கோதுமைதான்.

லைலிடம் சொன்னாள். அவர் மசியவில்லை.

“மிஷின் மேல பழி போடறது சுலபம்மா.”

“அப்ப நாளைக்கு உங்க லாரி கடைசியா வரட்டும்.”

செப்டம்பர் 25 மழை, லாரி வரவில்லை. செப்டம்பர் 26, வியாழன். லாரி 14. பதினான்கும் லைல் பெட்ரிஷின் பெயரில். அவர் தாளை இருமுறை படித்தார். கதவைப் பார்த்துக்கொண்டார்.

“இதை யாருக்கும் காட்டாதே.”

“ஆபீசுக்கு அனுப்பியாச்சு. பயப்படாதீங்க, விளக்கத்தோடதான்.”

அன்றே ஒரு வரி சேர்த்து, லாரிக்கு ஒரு பெட்டி என்று திருத்தினாள். எடைச்சீட்டுகளை வைத்து மூன்று நாள் பட்டியலையும் மறுபடி எடுத்தாள், எல்லாம் பொருந்தின. ஆனாலும் லைல் பென்சிலை வைத்துக்கொண்டு தினமும் சீட்டையும் பட்டியலையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வேலை நிலைக்கும், ஆனால் பட்டியலில் இனி மார்லீனோடு லைலும் கையெழுத்திட வேண்டும் என்று தலைமை அலுவலகத்தின் கடைசிக் கடிதம் வந்தது 2019 அக்டோபர் 17 அன்று.