வாசலில் வைத்த குடம்

கூட்டங்களில் என்னைத் 'தைரியசாலி' என்று அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும். தண்ணீர்ப் பாதுகாப்புக் குழுவில் களப்பணியாளராக இருந்த காலம் முழுக்க பயந்து பயந்துதான் பஸ் ஏறினேன். இன்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள், பயப்படுவது தப்பென்று நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. இளநீர்

தொண்ணூறுகளின் நடுவில், பெருந்துறைக்குப் பக்கத்தில் ஓர் ஊர். மழை சரியாகப் பெய்யாத வருஷம். ஓடையில் ஓடியதெல்லாம் மேற்கே இருந்த சாயப்பட்டறையின் கழிவுதான். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். ஓடைக்கரைக் கிணறும் கெட்டுப்போயிருந்தது. கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் சொந்தக்காரரை ஊரில் பண்ணாடி, அதாவது பண்ணையார், என்பார்கள். பட்டறை அவருடைய மச்சினனுடையது. அதனால் அவர் வாயே திறக்கவில்லை. தன் வீட்டுக்கு மட்டும் தூரத்து போர்வெல் தண்ணீரைப் பைப் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அவர் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள் அந்தக் கெட்ட கிணற்றிலேயே மொண்டு குடித்தன.

முதல் நாள் நான் சாம்பிள் பாட்டிலோடு கிணற்றடியில் நின்றபோது பண்ணாடி புல்லட்டில் வந்து இறங்கினார்.

"ஏனுங்க அம்மணி, எந்த ஊருங்க?"

"போத்தனூருங்க."

"அடடா, அத்தனை தூரமுங்களா! வெயில்ல இப்படி அலையலாமுங்களா? இளநி வெட்டச் சொல்றனுங்க. குடிச்சுப்போட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போயிருங்க. அப்பறம் நம்ம பசங்க ரோட்டுல நிப்பானுங்க. அவனுகளை நெனச்சா எனக்கே பயமா இருக்குதுங்க."

நான் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அங்கே சண்டை என்றால் தெருவே கேட்கும். இளநீர் கொடுத்து மிரட்டுவதை அன்றுதான் பார்த்தேன். பாதிதான் இறங்கியது. பஸ்ஸுக்குப் பின்னாலேயே இரண்டு மோட்டார் சைக்கிள்கள் பெருந்துறை வரை வந்தன. அங்கே நான் தங்கியிருந்த அறைக்குள் போனதும் கதவுக்கு முட்டுக்கொடுத்து மேஜையை இழுத்துப் போட்டேன்.

2. கேட்டும் குடமும்

எங்கள் குழு கொடுத்த மனுவின் பேரில் ஓர் அரசு அதிகாரி விசாரணைக்கு வந்தார். வந்தவரைப் பண்ணாடி தன் வீட்டுக்கே அழைத்துப்போய் உட்காரவைத்தார். வீட்டுக் குழாயில் சாம்பிள் எடுத்தார்கள். கல்கண்டு மாதிரித் தண்ணீர்.

"கிணத்துல பாருங்க சார்" என்றேன்.

"அம்மணி போத்தனூருங்க சார். இந்த ஊரு தண்ணி அவங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று பண்ணாடி சிரித்தார். அதிகாரியும், "உள்ளூர்க்காரங்க யாராச்சும் சொல்லட்டுமே" என்றார்.

உள்ளூர்க்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். வேலையாட்கள் முன்வாசலுக்குள் வரக் கூடாது. கூப்பிட்டால் மாட்டுக்கொட்டாய்ப் பக்கமாகச் சுற்றி வரவேண்டும். அதுதான் அங்கே வழக்கம். அவர்களில் ரங்கம்மாவும் ஒருவர். மருமகள் மாசமாக இருந்தாள். குடியிருந்த வீடு பண்ணாடி இடத்தில். அதனால் முந்தின நாளே, "நீங்க பேச வேண்டாங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தேன்.

கேட் கிறீச்சிட்டது. இடுப்பில் குடத்தோடு ரங்கம்மா உள்ளே வந்தார். நேராக நடந்து, அதிகாரியின் காலடியில் குடத்தை இறக்கினார். தண்ணீர் செந்நிறமாகத் தளும்பியது.

"நாங்க குடிக்கறது இதைத்தானுங்க சார். உங்க பாட்டில்ல இதையும் புடிச்சுக்கங்க. நம்பலீன்னா கெணத்துக்கு வாங்க, காட்டறேன்."

அதிகாரி எழுந்து கிணற்றுக்கே போய் சாம்பிள் எடுத்தார். பண்ணாடி குரலை உயர்த்தவில்லை. "பாத்து ரங்கம்மா, வாசலெல்லாம் நனைஞ்சுபோச்சு பாரு" என்றார், அவ்வளவுதான். நான் நாலு மணி பஸ்ஸில் ஏறிப் போனேன்.

3. ஓடு

மறுநாள் காலையில் சேதி கேட்டு ஊருக்கு ஓடினேன். ரங்கம்மா வீட்டுக்கு மேலே வானம் தெரிந்தது. ஓடுகளைப் பிரித்துச் சுவரோரம் அழகாக அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் பண்ணாடி.

"ஓடெல்லாம் பழசுங்க அம்மணி. தலையில விழுந்துபோட்டாப் பாவமில்லீங்களா? அதான் எடுக்கச் சொன்னேன். இளநி குடிக்கறீங்களா?"

அவர் போனதும் ரங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். பாத்திரங்களுக்கு நடுவில், சுவர் நிழலில் மருமகள் படுத்திருந்தாள்.

"உங்களுக்குப் பயமா இல்லீங்களாக்கா?"

"பயமில்லாம இருக்குமா கண்ணு? கொடத்தை எறக்கறதுக்குள்ள பாதித் தண்ணி வாசல்லயே கொட்டிருச்சு. உனக்காச்சும் நாலு மணிக்கு பஸ்ஸு வருது. எனக்கு எந்த பஸ்ஸு வருது, சொல்லு?"

அழுதேன்.

சாம்பிளில் டிடிஎஸ், அதாவது உப்பு, எக்கச்சக்கம் என்று முடிவு வந்தது. பட்டறைக்கு நோட்டீஸ் போனது, அதன் கழிவுக் குழாயை அடைத்தார்கள். அந்தச் சேதியைச் சொல்லப் போனபோது ரங்கம்மா அங்கே இல்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேலை என்றார்கள். தேடிப் போனேன். அங்கேயும் தோப்புக்காரர் இடத்தில்தான் குடிசை.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் பாட்டிலைத் திறக்கும் முன் ஒன்று கேட்பேன்: "குடியிருக்கற ஊடு யாரு பேர்லங்க இருக்குது?" ஜனங்கள் சிரிப்பார்கள். "தண்ணியப் பாக்க வந்துபோட்டு ஊட்டைக் கேக்கறீங்களே!" வீடு அவர்கள் பேரில் இல்லையென்றால் முதல் மனு பட்டாவுக்கு, அப்புறம்தான் தண்ணீருக்கு. பட்டாவுக்குக் காத்திருந்தால் அதற்குள் ஓடை செத்துவிடும் என்று குழுவில் என்னோடு சண்டை போட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் எங்களைப் போல நாலு மணி பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறவர்கள் அவசரப்படக் கூடாது.